பதினேழாம் நம்பருக்குப் போட்ட இலை

காஜா பேராங்கில் சைக்கிள் கடை வைத்திருந்த மருதமுத்துவை அந்த நாளில் மலாக்கா டவுனில் தெரியாதவர்கள் இரண்டே வகை. நடக்கத் தொடங்காத கைக்குழந்தைகள், காரில் மட்டுமே போகும் துரைமார்கள். மற்றபடி குருபோங்கிலிருந்து உஜோங் பாசிர் வரைக்கும் எந்தச் சைக்கிள் கோணிக்கொண்டாலும் அவர் கடை வாசலில்தான் வந்து நிற்கும். படிப்பு, ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. அதையும் முழுசாக முடித்தாரா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று காதால் கேட்டே சொல்லும் ஆள். இங்கிலீஷ் படித்த எத்தனையோ பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

அப்பன் வைத்துவிட்டுப் போன கடையில்லை அது. பதினைந்து வயதில் போட்டிருந்த சட்டையோடு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, ஒரு சீனர் கடையில் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு, ஜப்பான்காரன் காலத்தில் தானாகத் தலையெடுத்தவர். டயரும் டியூபும் கண்ணில் படாமல் போன அந்தக் காலத்தில், ரப்பரைக் கயிறாக முறுக்கி ரிம்மில் சுற்றி, மேலே தண்ணீர் பாய்ச்சும் பழைய ரப்பர்க் குழாயை உறையாக மாட்டி, ஊரையே உருள வைத்தார். ஜப்பானிய அதிகாரிகளின் சைக்கிள்களும் அவரிடம்தான் வந்தன. அதனால்தான் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன லாரிகள் அவரைத் தொடவில்லை. "என்னைக் காப்பாத்துனது இந்த ரெண்டு கை" என்று இரண்டையும் விரித்துக் காட்டுவார். கிரீஸ் போகாத கைகள்.

இப்படிப்பட்டவர் வாயில் வராத பேச்சு ஒன்றே ஒன்று உண்டு. 'நான் சொன்னது தப்பு' என்பதுதான் அது. அவர் மனைவி பூங்காவனம் கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்கக் காத்திருந்தாள். கடைசியில் அது வரத்தான் செய்தது, மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் போகியன்று. ஆனால் அவளிடம் அல்ல.

அதைச் சொல்ல வேண்டுமானால் தஞ்சோங் கிளிங் முகாமைச் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான் சண்டைக்கு முந்தி, ஆகஸ்டு மாதப் பள்ளி விடுமுறையில், மலாக்காவின் தமிழ்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தஞ்சோங் கிளிங் கடற்கரையில் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டுப் பிள்ளைகள் முகாம் ஒன்று நடத்தினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டும், வயிறாரத் தின்ன வேண்டும், நாலு பேரோடு பழக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். மூன்று வாரம். நாற்பது பையன்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பரை அடியில் ஆணியால் கீறிய எனாமல் மங்குக் கோப்பை ஒன்று, முகாம் முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மருதமுத்து ஒன்பதாம் நம்பர். தம்பிராஜா பத்து. பொன்னுதுரை பதினேழு.

தம்பிராஜா இங்கேயே கம்போங் செட்டியில் பிறந்தவன். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் மலாக்கா செட்டிகள் திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்குத் தேர் இழுப்பார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். முகாமில் தோட்டத்துப் பையன்கள் அவனிடம் மலாயும் பேச்சுக்கு வால் வைக்கும் 'லா'வும் கற்றுக்கொண்டார்கள், அவன் இவர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டான். கெட்ட வார்த்தைகளை இரண்டு தரப்பும் முதல் நாளே முடித்துவிட்டன. முகாமில் சமையல் அவனுடைய அம்மா மீனாச்சி. நாற்பது பேரும் அவரை 'மாக்' என்றுதான் கூப்பிட்டார்கள். மலாயில் அம்மா என்று பொருள். பெற்ற அம்மாவைக்கூட அப்படி வாய் நிறையக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பொன்னுதுரை தென்னை மரத்தில் ஏறினால் குரங்கு வெட்கப்படும். அன்னாசிப்பழம் போட்டு மாக் வைக்கும் மீன் குழம்பு என்றால் சட்டியையே வழித்துவிடுவான். முகாமில் ஒரு சட்டம் இருந்தது. சோறு ஆனதும் தட்டை மூன்று தடவை தட்டுவார்கள். கடைசியில் வந்து உட்காருகிறவன் நாற்பது தட்டையும் கழுவ வேண்டும். தட்டுகிற சத்தம் கேட்கும்போது பொன்னுதுரை மரத்து உச்சியில் இருப்பான். ஆகையால் பாதி நாள் கழுவியது அவன்தான்.

நாற்பத்தொன்றில் முகாம் திறக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் சண்டை வந்தது. கொட்டகையில் சிப்பாய்கள் தங்கினார்கள். அவர்கள் போன பிறகு ஊர்க்காரர்கள் பலகையைப் பெயர்த்து அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். முகாம் அத்தோடு முடிந்தது.

முகாம் முடிந்தது, பையன்கள் முடியவில்லை. அதற்குக் காரணம் யார் என்று மருதமுத்துவே பல தடவை சொல்லியிருக்கிறார், சொன்னதில் பொய்யுமில்லை. கடைச் சுவரில் ஒரு சிலேட்டு மாட்டினார். டவுனுக்கு வரும் பழைய பையன் யாராக இருந்தாலும் தன் நம்பரைப் போட்டு, பக்கத்தில் ஒரு வார்த்தை கிறுக்கிவிட்டுப் போக வேண்டும். 'இருபத்து மூணு, ஆண் குழந்தை.' 'முப்பத்தொண்ணு, சிரம்பானுக்கு மாற்றல்.' அடுத்து வருகிறவன் அதைப் படிப்பான், தன் ஊர்ப்பக்கம் இருக்கிறவனிடம் சொல்வான். தபால்காரன் போகாத தோட்டத்துக்கெல்லாம் அந்தச் சிலேட்டுப் போய்ச் சேர்ந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், ஆகஸ்டு முதல் ஞாயிறு, மாக் வீட்டில் கூடுவார்கள். அன்றைக்கும் தட்டை மூன்று தடவை தட்டுவார்கள். கடைசியில் வந்தவன் வாத்தியாராக இருந்தாலும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கழுவத்தான் வேண்டும்.

பொன்னுதுரை மட்டும் சிலேட்டுக்கு வரவே இல்லை. நாற்பத்து மூன்றில் அவனை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

நாற்பத்தாறில் ஒரு நாள், சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருவர் கடை வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவர் நீட்டிய மங்குக் கோப்பையை வாங்கி மருதமுத்து திருப்பிப் பார்த்தார். அடியில் பதினேழு.

"இது ஏதுங்க?"

"செத்தவனோடது. காய்ச்சல்ல போயிட்டான். நாங்க நாலு பேருதான் மண்ணு தள்ளுனோம்."

"பேரு என்னா? எந்த ஊரு?"

"அங்க பேரும் ஊரும் யாருங்க கேட்டா? ஒரு நாளைக்கு இருபது முப்பதுன்னு போய்க்கிட்டு இருந்துச்சு."

மருதமுத்து அவரைச் சாப்பிட வைத்து அனுப்பினார். கோப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே தம்பிராஜா வீட்டுக்குப் போனார். "பொன்னுதுரை போயிட்டான். சந்தேகமே வேணாம். நான் நல்லா விசாரிச்சுட்டேன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். சிலேட்டில் பதினேழைப் போட்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் இழுத்தார். தோட்டத்தில் அவனுடைய அப்பா அம்மாவும் ஜப்பான் காலத்துப் பட்டினியில் போய்விட்டிருந்தார்கள். மறுத்துச் சொல்ல ஆளில்லை.

கம்போங் செட்டியில் போகியன்று பகலில், இறந்துபோன தங்கள் மனிதர்களுக்கு வாழை இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. 'பார்ச்சு' என்று அதற்குப் பெயர். மாக் வீட்டில் இலைகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். அந்த வருஷம் மாக்கின் புருஷனும் இறந்து, ஐந்தாக இருந்தது ஆறாகியிருந்தது. மாக் ஏழாவது இலையைத் துடைத்துப் போட்டார். "அந்தப் பிள்ளைக்கு இலை போட யாரு இருக்கா?" என்றார். அன்னாசிப்பழம் போட்ட மீன் குழம்பை அதில் ஊற்றினார். வெளி ஆளுக்கு இலை போடுவது எங்கள் வழக்கமில்லையே என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். மாக் காதில் வாங்கவில்லை. வருஷா வருஷம் ஏழு இலை. பதினோரு வருஷம் அப்படியே போனது.

ஐம்பத்தெட்டு ஜனவரி. மறுநாள் போகி. ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டமில்லை. ஆசாகான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கணேசமூர்த்தி, மற்ற யாரிடமும் சரியாகாத தன் சைக்கிளை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வேலை முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. பூங்காவனம் அவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். மருதமுத்து உட்கார்ந்து, வழக்கம்போலத் தட்டை மூன்று தடவை தட்டி, "கடைசி ஆளு கழுவணும்!" என்றார்.

கை கழுவிக்கொண்டிருந்த கணேசமூர்த்தி திரும்பிப் பார்த்தார். "என்னாங்க இது, எங்க ஜாகாக்காரர் மாதிரியே செய்றீங்க?"

"எந்த ஜாகாக்காரரு?"

"எங்க தோட்டத்து கேட்டுல காவல் இருக்கவரு. ஒண்டி ஆளு. தானே ஆக்கி, தானே தட்டை மூணு தட்டுத் தட்டி, 'கடைசி ஆளு கழுவணும்'னு சொல்லிட்டு, தானே தின்னுட்டுத் தானே கழுவுவாரு. லயத்து வீடுங்கள்ல எல்லாம் அவரை ஒரு மாதிரின்னு சொல்லுவாங்க."

மருதமுத்து சிரித்துவிட்டார். "அட, நம்ம முகாம் பையன் லா! என் சிலேட்டுல ஏறாத பய ஒருத்தன் இருக்கானா? பேரு என்னா?"

"பொன்னுதுரை. குடியுரிமை பாரம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. "அது வேற ஆளு" என்றார் மருதமுத்து. "பொன்னுதுரைன்னு நாட்டுல ஆயிரம் பேரு இருக்கான். எங்க பொன்னுதுரை சயாம்ல செத்துட்டான். நானே விசாரிச்சேன்."

"இருக்கலாம்ங்க. இவரும் சயாமுக்குப் போனவருதான். புண்ணு வந்து ஒரு காலை எடுத்துட்டாங்க. சின்ன வயசுல தென்னை மரத்துல ஏறி நிப்பேன்னு சொல்லுவாரு. கேக்குறவங்க சிரிப்பாங்க."

மருதமுத்து சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"சோறு என்னா செஞ்சுச்சு உங்கள?" என்றாள் பூங்காவனம். பிறகு அவளுக்கும் உறைத்தது. "ஐயையோ, நாளைக்குப் போகியாச்சே! அந்தம்மா இலை போட்டுருவாங்களே!"

"எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். பதினோரு வருஷமா சும்மா இல்லாதது யாரு?"

அவள் சொன்னது சுருக்கென்றது. உயிரோடிருப்பவருக்கு இலை போடக்கூடாது என்பது மாக் வீட்டில் பெரிய பயம். இருக்கிற ஆயுளை எடுத்து அந்த இலையில் வைப்பது போல என்பார்கள். மருதமுத்து இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. நம்பாதவருக்கு அன்று மத்தியானம் வேர்த்துக் கொட்டியது. அந்தக் கால் எப்போது போனது? இலை போடுவதற்கு முன்பா, பிறகா?

சாயங்காலம் தம்பிராஜா வீட்டுக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். மாக் கூடத்தில் உட்கார்ந்து வாழை இலைகளை ஈரத்துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "துஜோ" என்று மலாயில் எண்ணி முடித்தார். ஏழு. "மருது, அன்னாசி நல்லதாக் கிடைச்சிருக்கு பாரு. பொன்னுவுக்குப் பிடிக்கும்" என்றார். மருதமுத்துவின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. ஒருவேளை அது வேறு ஆளாக இருந்தால்? இறந்தவன் பிழைத்தான் என்று சொல்லி, மறுநாள் இல்லை என்று சொன்னால், இந்த அம்மாவை இரண்டாம் தடவை கொன்ற மாதிரி ஆகிவிடாதா?

வாசலில் தம்பிராஜாவை மட்டும் ஓரமாக இழுத்தார். "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் கதவைச் சாத்தாதே."

"ஏன்? ஒரு மணிக்குச் சாத்தணும். லேட் பண்ணா மாக் திட்டும்."

"திட்டுனா வாங்கிக்கோ. நான் சொன்னா கேளு லா."

"லு பதினோரு வருஷமா இதேதான் சொல்றே. நான் சொன்னா கேளு, நான் சொன்னா கேளு" என்று, 'நீ'க்கு மலாய் 'லு' போட்டு முனகிக்கொண்டே தம்பிராஜா உள்ளே போனார்.

மறுநாள் விடிந்ததும் மருதமுத்து மோட்டார் சைக்கிளை எடுத்தார். உடைந்துபோன இரண்டு வண்டிகளை ஒன்றாக்கி அவரே கட்டிய வண்டி அது. மலாக்காவில் அதைப்போல இன்னொன்று கிடையாது. ஆசாகான் போய், செம்மண் பாதையில் இறங்கித் தோட்டத்துக் கேட்டை அடையும்போது மணி ஒன்பதாகிவிட்டது. கேட்டுப் பக்கத்தில் ஒரு தகரக் குடில். அதன் நிழலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். வலது பக்கக் காற்சட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக் குத்தப்பட்டிருந்தது.

"யாரப் பாக்கணும்? பேரு சொல்லிட்டுத்தான் உள்ள போகணும்."

மருதமுத்து வண்டியை நிறுத்தினார். முகத்தைப் பார்த்தார். தெரியவில்லை. பதினாலு வயசுப் பையனை முப்பத்திரண்டு வயசு முகத்தில் எங்கே தேடுவது? வாயில் வந்தது இதுதான்.

"பதினேழு."

அந்த மனிதர் உடனே எழுந்திருக்கவில்லை. ஊன்றுகோலைக் கையால் தடவித் தேடினார். எழுந்து நின்று, கண்ணைச் சுருக்கி, மேலும் கீழும் பார்த்தார்.

"ஒன்பது. டேய், ஒன்பதுதானே நீ? இன்னும் வளரவே இல்லையேடா!"

மருதமுத்து ஆறுதலாக நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவருக்குத் தெரிந்த வழியில்தான் அவர் பேசினார். "உயிரோட இருந்தா ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டியாடா? மாட்டுக்குப் பொறந்தவனே!" என்று கத்தினார். கத்தும்போது குரல் உடைந்தது. அதை மறைக்க வண்டியின் ஸ்டாண்டை இரண்டு தடவை உதைத்தார்.

"அனுப்புனேனே. நாப்பத்தேழுல திரும்பி வந்ததும் தபால் போட்டேன். முகாம் விலாசத்துக்கு. மூணு மாசம் கழிச்சு என்கிட்டயே வந்துச்சு, சிகப்பு மையில என்னமோ எழுதி."

"முகாமத்தான் நாப்பத்தொண்ணுலயே மூடிட்டாங்களே!"

"எனக்கு யாரு சொன்னா? அத விட்டா எனக்கு வேற எந்த விலாசம் தெரியும்? முகாமே இல்லன்னா நீங்க மட்டும் எங்க இருக்கப் போறீங்கன்னு விட்டுட்டேன்."

"கம்போங் செட்டிக்கு ஒரு பஸ் ஏறி வந்திருக்கலாம் இல்ல? தம்பிராஜா வீடு தெரியாதா?"

பொன்னுதுரை மடித்த காற்சட்டையைத் தட்டிக் காட்டினார். "வந்து? தென்னை மரம் ஏறிக் காட்டவா?"

மருதமுத்து அங்கே கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வயது வரை சொல்லாததைச் சொல்ல வேண்டியிருந்தது. "பொன்னு, உன்னை நாங்க செத்தவனாக்கிட்டோம்" என்று ஆரம்பித்தார். நாங்க என்பது நெஞ்சைக் குத்தியது. "நாங்க இல்ல. நான்தான்" என்றார். கோப்பை வந்தது, விசாரித்துவிட்டேன் என்று சொன்னது, மாக் போடும் இலை, பதினோரு வருஷம், எல்லாவற்றையும் சொன்னார். கடைசியாக, தலையைத் தூக்காமல் கேட்டார். "அந்தக் காலு எப்ப போச்சு?"

"நாப்பத்து நாலுல."

"உண்மையாவா? நாப்பத்து நாலா?"

"என் காலு போன வருஷம் எனக்குத் தெரியாதா? நீ நாப்பத்தாறுலதானே என்னைக் கொன்னே? அதுக்கு முன்னாடியே போச்சு. பயப்படாத."

மருதமுத்து விட்ட பெருமூச்சு அடுத்த லயத்துக்குக் கேட்டிருக்கும். பொன்னுதுரைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இலை போட்டு என்னா வச்சாங்க மாக்?"

"அன்னாசி போட்ட மீன் குழம்பு."

"அதான்! வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்துன நாள் எனக்கு மத்தியானம் பசிக்கவே பசிக்காது. டிரஸ்ஸர்கிட்டக்கூடச் சொல்லியிருக்கேன். அவரு பேதி மாத்திரை குடுத்தாரு."

"விளையாடாதடா."

"சரி, விளையாடல. அந்தக் கோப்பையை நான்தான் ஒருத்தனுக்குக் குடுத்தேன். பக்கத்துல படுத்திருந்தான். காய்ச்சலு. தண்ணி மொண்டு குடிக்க அவன்கிட்ட ஒண்ணுமில்ல. அன்னைக்கே என்னை ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அவனைப் பாக்கல." பொன்னுதுரை சிறிது நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டானா அவன்?"

கணேசமூர்த்தியிடம் போய்ச் சொன்னதும், அவர் தோட்டத்து மானேஜரிடம் பேசி இரண்டு நாள் விடுப்பு வாங்கிக் கொடுத்தார். காவலுக்கு ஆள் மாற்றிவிட்டுக் கிளம்பப் பதினொன்று தாண்டிவிட்டது. ஊன்றுகோலை வண்டியோடு நீளவாக்கில் கயிறு போட்டுக் கட்டி, பொன்னுதுரையைப் பின்னால் உட்காரவைத்து, மருதமுத்து பறந்தார். ஜாசினுக்கு இந்தப் பக்கம் செயின் அறுந்தது. மலாக்காவில் இன்னொன்று இல்லாத அந்த வண்டியின் செயின்தான்.

"மலாக்காவுக்கே நீதான் கைகாரன்னு சொன்னே?" என்றார் பொன்னுதுரை, பாதையோரப் புல்லில் உட்கார்ந்துகொண்டு.

"வாயை மூடு. கல்லு ஒண்ணு எடுத்துக் குடு."

கல்லை அடியில் வைத்து, ஆணியை நுழைத்துத் தட்டி, அறுந்த கண்ணியை இணைத்தார். சாதாரண ஆளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. அவருக்குக் கால் மணி நேரம். நடுவில் மூன்று தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும் சேர்த்து.

கம்போங் செட்டிக்குள் வண்டி நுழையும்போது மணி ஒன்றேகால். தம்பிராஜா சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். "லு கீலாவா, பைத்தியமா உனக்கு, மருது? மாக் எல்லா இலையும் போட்டாச்சு! கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், வயித்து வலின்னு பொய் சொல்லி..." என்றவர் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பத்து" என்றார் பொன்னுதுரை. "தமிழ் மறந்துட்டியா?"

உள்ளே கூடத்தில் ஏழு இலைகள் வரிசையாக இருந்தன. நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, சம்பால், கோழி, பலகாரம் எல்லாம் பரிமாறியாகிவிட்டது. மாக் கடைசி இலைக்குப் பக்கத்தில் குனிந்து, கையில் சட்டியோடு நின்றார். மீன் குழம்பு இன்னும் ஊற்றவில்லை. ஊன்றுகோல் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சட்டியை அவர் கீழே போடவில்லை. சமையல்காரிக்குச் சட்டிதான் முதலில். அதை மேசைமேல் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக நடந்து வந்து, பொன்னுதுரையின் கையில் சதையைத் திருகிக் கிள்ளினார்.

"சாக்கித்?" வலிக்கிறதா என்று கேட்டார்.

"ஐயோ! வலிக்குது மாக்!"

"வலிக்கணும்" என்றார் மாக். பிறகுதான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகை ஓயும்வரை இலையிலிருந்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மருதமுத்து கதவோரம் நின்றார். தொண்டையைச் செருமினார். "மாக், நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றார். மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று.

மாக் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "நல்லவேளை தப்பாச் சொன்னே. நீ சரியாச் சொல்லியிருந்தா இவன் இங்க நிப்பானா?"

இவ்வளவுதான். இருபத்து நாலு மணி நேரமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை அந்தம்மா ஒரு விரலால் தள்ளிவிட்டார். மருதமுத்துவுக்குத் திடீரென்று பசித்தது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்ப இந்த இலையை எடுத்துடலாம் மாக்" என்று தம்பிராஜா ஏழாவது இலையைத் தூக்கக் குனிந்தார்.

"வை" என்றார் மாக். "எடுத்தா ஆறு. ஆறு இலை கூடாது." இலையையே பார்த்துக்கொண்டு யோசித்தார். "பதினோரு வருஷம் இங்க ஒருத்தனைக் கூப்பிட்டேன். இவன் வரல. இவன்தான் உயிரோட இருந்தானே. அப்ப வந்து தின்னது யாரு?"

பொன்னுதுரை ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"கலியாணசுந்தரம்" என்றார். "கெடாப் பக்கத்து ஆளு. என் கோப்பையை வாங்குனவன். அப்பா அம்மா இல்லன்னு சொன்னான். கல்யாணமும் ஆகல."

"ஊம்" என்றார் மாக். கதவைச் சாத்தும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவருக்கு இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான். "அவனுக்கு என்ன பிடிக்கும்?"

பொன்னுதுரை யோசித்தார். "காய்ச்சல்ல பொலம்பிக்கிட்டே இருப்பான். தயிரு, தயிருன்னு. ஒரு கை தயிர் சோறு இருந்தா எந்திரிச்சு உக்காந்துருவேன்னு சொல்லுவான்."

செட்டி வீட்டுச் சமையலில் தேங்காய்ப் பாலுக்குப் பஞ்சமில்லை, தயிர் கிடையாது. மாக் மருதமுத்துவைப் பார்த்தார். மருதமுத்து அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

காஜா பேராங் ரோட்டுக் கடைசியில் பால்மாடு வைத்திருந்தவர் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் மருதமுத்து வண்டியை நிறுத்தி, செயினைக் கால் மணி நேரத்தில் கோத்த கதையிலிருந்து ஆரம்பித்திருப்பார்.

"என்னா தவுக்கே, இந்த நேரத்துல தயிரு?" என்று சைக்கிள் கடை முதலாளியைக் கேட்டார் பால்காரர்.

"ஒருத்தரு வந்திருக்காரு. ரொம்ப நாளாப் பசியோட இருக்கவரு. கெட்டியாப் பாத்து ஊத்துங்க."

தூக்குச் சட்டியை வாங்கி மூடி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வேகத்துக்குப் பேர்போன மருதமுத்து அன்றைக்கு இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. சைக்கிளில் போனவர்களெல்லாம் மணியடித்துக்கொண்டு அவரை முந்திக்கொண்டு போனார்கள்.